இங்கிலீஷ் மருந்தே தொடாத குழந்தை

அந்த வீட்டில் குழந்தைக்கு இரண்டு முகம். ஒன்று அவள் கழுத்துக்கு மேலே இருந்தது, இன்னொன்று சாற்றுப் புட்டியின் மேலே ஒட்டியிருந்தது. புட்டி மேல் இருந்த முகத்துக்குக் காய்ச்சல் வராது, சளி பிடிக்காது, முன்பல் விழாது. அதன் கீழே 'இங்கிலீஷ் மருந்தே தொடாத குழந்தை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கீழ்த்தளத்து முன்னறையில் அந்த முகம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கிக் கிடக்கும். நிஜ முகம் மாடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும்.

சாறு குழந்தையின் அத்தையுடையது. கீரையும் கிழங்கும் தேனும், வெளியே சொல்லாத இன்னும் ஏதேதோவும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, புட்டியில் அடைத்து விற்றுவந்தார். சாற்றைவிட அவர் பேச்சுக்குத்தான் கிராக்கி அதிகம். தினமும் கைப்பேசிக்கு முன்னால் உட்கார்ந்து, டாக்டர்கள் எல்லாம் பிள்ளைகளை எப்படிக் கெடுக்கிறார்கள் என்று ஒரு பாட்டம் பொரிந்து தள்ளுவார். கேட்கிற கூட்டத்துக்குக் குறைவில்லை. அந்தக் கூட்டம் அவருக்குப் பாசமாகச் சாறம்மா என்று பெயர் வைத்தது. அவரும் அதைப் பட்டம் மாதிரி வாங்கிச் சூடிக்கொண்டார். அதற்கு முன்னால் அவர் வாங்கிய பட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

குழந்தையின் அப்பா சாறம்மாவின் தம்பி. அதற்கு மேல் ஓர் அறிமுகம் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. முன்பு சோபாக் கடையில் விற்பனையாளராக இருந்தார். கீறல் விழுந்த சோபாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுவதில் கில்லாடி. அந்தத் திறமை வீணாகக்கூடாதென்று அக்கா தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டார். வீடியோ பிடிப்பது, வேண்டாததை வெட்டுவது, பெட்டி கட்டி அனுப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. அக்கா 'ம்' என்றால் இவர் 'ம்ம்' என்பார்.

குழந்தையின் அம்மா மட்டும் அந்தக் கம்பெனியில் சேராதவள். கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பிரேம்களைத் துடைத்து அடுக்குவாள், வருகிறவர் மூக்கில் வைத்துப் பார்ப்பாள், காதுக்கம்பி கோணியிருந்தால் சூடுகாட்டி நிமிர்த்துவாள். கடையில் அவள் வாய்க்கு ஈடு கிடையாது. "இந்த பிரேம் உங்களுக்குப் பத்து வயசு கூட்டிக் காட்டுது சார், வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். வீட்டுப் படி ஏறியதும் அதே வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். குடியிருப்பது நாத்தனார் வீட்டு மாடி. புருஷன் பிழைப்பதும் நாத்தனார் தயவில். அப்புறம் பேசி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள். இப்படி இருந்துவிடுகிறவர்களை உலகம் அடக்கமானவர்கள் என்று மெச்சிக்கொள்கிறது.

புட்டியில் அச்சடிக்காத சங்கதி ஒன்று உண்டு. குழந்தைக்கு வலிப்பு இருந்தது.

முதல் தடவை வந்தது வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே. குழந்தை புட்டியைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டே நின்றவள், அப்படியே சாய்ந்து விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள். வாயில் நுரை தள்ளியது. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாறம்மாதான் முதலில் ஓடினார். சாற்றுப் புட்டியை எடுக்க ஓடவில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல், தெருமுனைக்கு ஓடி வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஓட்டத்துக்காக அவரைக் கொஞ்சம் மன்னிக்கலாம். திரும்பி வந்தபிறகு செய்ததற்குத்தான் மன்னிப்பு கிடையாது.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை எல்லாம் செய்து, வலிப்பு நோய் என்று சொல்லி, ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார்கள். கார்பமசெபின் என்று பெயர். திரவமாக இருக்கும், காலையும் இரவும் தவறாமல் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். வலிப்பு அடங்கியது. குழந்தை பழையபடி ஓடியாடத் தொடங்கினாள். சாதாரண வீடாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.

"மருந்து குடுக்க வேண்டாம்னு நான் சொல்லலையே" என்றார் சாறம்மா. "தாராளமா குடுங்க. ஆனா அந்தப் புட்டி யார் கண்ணுலயும் படக்கூடாது. வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்க, போறாங்க. பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அதுக்கென்னக்கா" என்றார் தம்பி. சோபாக் கடை மூளை உடனே வேலை செய்தது. "நம்ம புட்டியிலயே ஊத்தி வெச்சுட்டா போச்சு."

அக்காவுக்குத் தம்பியைப் பெற்ற பலன் அன்றுதான் முழுதாகக் கிடைத்தது. வலிப்பு மருந்தைக் கொண்டுவந்து, கழுவிக் காயவைத்த சாற்றுப் புட்டியில் ஊற்றினார்கள். அன்றிலிருந்து அந்தக் குழந்தை, தன் சிரித்த முகத்தின் கீழே 'இங்கிலீஷ் மருந்தே தொடாத குழந்தை' என்று எழுதியிருந்த புட்டியிலிருந்து, தினமும் இரண்டு வேளை மருந்து குடித்தாள். யாராவது வந்திருந்தால் அவர்கள் கண்ணெதிரிலேயே குடித்தாள். அவர்களும் பூரித்துப்போய் ஆளுக்கு இரண்டு புட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

குழந்தைக்கு ஒரு வாசகமும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. 'நான் மருந்தே தொடமாட்டேன், அத்தை சாறு மட்டும்தான்!' கடைசி வார்த்தையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பல் தெரியச் சிரிக்க வேண்டும். பிள்ளை கெட்டிக்காரி. இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்.

வலிப்பை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்த குடும்பம், அலர்ஜி விஷயத்தில் நேர்மாறாக நடந்துகொண்டது. அதற்கும் முந்தைய வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு டாக்டர் பெனிசிலின் வகை மருந்து கொடுத்திருந்தார். உடம்பில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியது, வயிறும் போனது. "இந்தத் தடிப்பு காய்ச்சலோட வர்றதா இருக்கலாம். வயிறு போறது இந்த மருந்துல நிறைய பிள்ளைங்களுக்கு வரும், தானா நிக்கும். உடம்பு தேறினதும் கூட்டிட்டு வாங்க, அலர்ஜியான்னு பரிசோதிச்சுப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர். பரிசோதித்துப் பார்த்து, அலர்ஜி இல்லை என்று ஆகிவிட்டால்? சாறம்மா அந்த அபாயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. பொட்டுகள் மறைவதற்குள் குழந்தையின் முதுகை வீடியோ எடுத்து, 'ஆன்டிபயாடிக் என் மருமகளை என்ன செய்தது பாருங்கள்' என்று போட்டார்; அன்றோடு இவள் இங்கிலீஷ் மருந்தே தொடுவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் வாழ்க்கையில் அதுவரை எந்த வீடியோவும் அத்தனை பேரைப் போய்ச் சேர்ந்ததில்லை. அதன்பிறகு பெனிசிலின் அலர்ஜி அந்த வீட்டின் குலப்பெருமை ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொல்லிவைத்தார்கள்.

உண்டா இல்லையா என்றே தெரியாததைத் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு, நிச்சயமாக இருந்ததைப் பூட்டிவைத்தார்கள். இது என்றைக்காவது பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குழந்தைக்குத் தொண்டை வலி வந்தது. சாறு கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தது. சாற்றைச் சூடுபண்ணிக் கொடுத்தார்கள். எச்சில்கூட விழுங்க முடியாமல் குழந்தை கண்ணீர் விட்டபோது, அம்மாக்காரி வாய்ப்பூட்டைக் கொஞ்சம் நெகிழ்த்தி, "டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். புருஷன் அக்காவிடம் கேட்டார். அக்கா யோசித்து, யாருக்கும் தெரியாத, ஊர்க்கோடியில் இருக்கிற ஒரு கிளினிக்காகப் பார்த்துப் போய்வர அனுமதி கொடுத்தார். குழந்தைக்கு ஒரு தொப்பி, முகக்கவசம். கொள்ளையடிக்கப் போகிறவர்கள் மாதிரி அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் கிளம்பிப் போனார்கள்.

கிளினிக் டாக்டர் தொண்டையில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "நல்லா சீழ் பிடிச்சிருக்கு. இதுக்கு ஆன்டிபயாடிக் குடுத்துத்தான் ஆகணும்."

"பெனிசிலின் அலர்ஜி டாக்டர்!" என்று அப்பா முந்திக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு சற்று நிமிர்ந்தது.

"என்ன பண்ணுச்சு? மூச்சு திணறுச்சா? முகம் வீங்குச்சா?"

"உடம்பே வீங்கிடுச்சு டாக்டர். பார்க்க சகிக்கல."

வீங்கவே இல்லை. நாலு பொட்டு. அம்மாக்காரிக்கு அது தெரியும். ஆனால் பொட்டு வீக்கமாக வளர்ந்ததைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று சும்மா இருந்தாள்.

"அப்போ அந்த வகையே வேண்டாம். வேற எழுதறேன். தினமும் எடுத்துக்குற மருந்து ஏதாவது உண்டா? ஆஸ்துமா, வலிப்பு, அந்த மாதிரி?"

அவள் வாயைத் திறந்தாள். மேசைக்கு அடியில் புருஷனின் செருப்பு அவள் கால் விரலை மிதித்தது. கதவுக்கு வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள், கதவும் சாத்தவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். 'உண்டு' என்றால் போதும்.

"ஒண்ணும் இல்ல டாக்டர். சத்துக்கு ஒரு மூலிகைச் சாறு, அவ்வளவுதான்" என்றார் புருஷன்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற மருந்தை எழுதினார். "வாய் கொஞ்சம் கசக்கும், வயித்தைப் புரட்டலாம். பயப்படாதீங்க. தொண்டை சரியாயிடுச்சுன்னு பாதியில நிறுத்திடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். தன்னிடம் சொன்னதை நம்பி எழுதிய மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

காய்ச்சல் குறைந்தது, தொண்டை தேறியது. ஆனால் குழந்தை ஒரு மாதிரியாக இருந்தாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தாள். சாப்பிட்டதை வாந்தி எடுத்தாள். வயிற்றைப் புரட்டும் என்று டாக்டர்தான் சொல்லியிருந்தாரே என்று அம்மாக்காரி இரண்டு மருந்தையும் நேரம் தவறாமல் கொடுத்தாள். இந்த வேளை இது, அந்த வேளை அது என்று அவள் காட்டிய அக்கறையைப் பார்த்தால் யாருக்கும் மெச்சத் தோன்றும்.

"நான் சொன்னேன்ல, ஆன்டிபயாடிக் வேலையைக் காட்டுது" என்றார் சாறம்மா. வருத்தப்படுகிற குரல் இல்லை அது. "கூட ரெண்டு மூடி சாறு குடு, முறிஞ்சிடும்."

மறுநாள் குழந்தை படியில் இறங்கும்போது கைப்பிடியை விட்டுவிட்டுப் பக்கத்தில் காற்றைப் பிடித்தாள். நல்லவேளை, அம்மா கீழ்ப்படியில் நின்றாள்.

"என்னடி, பார்த்து வரமாட்டே?"

"ரெண்டு கம்பி இருக்கும்மா. எதைப் பிடிக்கிறதுன்னு தெரியல" என்றாள் குழந்தை. அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டு, "நீயும் ரெண்டா இருக்கே" என்றாள்.

இரண்டாகத் தெரிகிறது என்று கடைக்கு வருகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஆகவே அவளுக்கு என்ன தோன்றும்? கண்ணாடிக் கடைக்காரிக்கு மட்டும் தோன்றக்கூடியதுதான் தோன்றியது. பிள்ளைக்குப் பவர் வந்துவிட்டது! கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, குழந்தையைக் கையோடு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியில் குழந்தை இரண்டு தடவை தடுக்கினாள். போகிற போக்கில், ரோஜா நிறத்தில் ஒரு பிரேம் இவளுக்கு எடுப்பாக இருக்கும் என்றுகூட அம்மாக்காரி நினைத்துக்கொண்டாள்.

கடையின் பின்னறையில் கண் சோதிக்கிறவர் இருந்தார். குழந்தையை உயர நாற்காலியில் உட்காரவைத்தாள். சோதனைப் பிரேமை மூக்கில் மாட்டினாள். எதிர்ச்சுவரில் எழுத்துகள் வெளிச்சத்தில் நின்றன.

"மேல் வரி படி, பாப்பா" என்றார் அவர்.

குழந்தை படிக்கத் தொடங்கினாள். வார்த்தைகள் குழறின. கண் சோதிப்பவர் பிரேமைக் கழற்றிவிட்டு, "என் விரலையே பாரு" என்று விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினார். குழந்தையின் கண்மணிகள் விரலைத் தொடர முயன்று, முடியாமல், விட்டு விட்டுத் துடித்தன. அவர் விரல் பாதி வழியில் நின்றுவிட்டது.

"இது கண்ணாடி விவகாரம் இல்லம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"ரெண்டா தெரியுதுன்னு சொன்னா, அதான்…"

"சொல்றதைக் கேளு. கிளம்பு முதல்ல."

அவர் சொல்லி வாய் மூடுமுன் குழந்தை நாற்காலியிலிருந்து துணி மாதிரிச் சரிந்தாள். அம்மாக்காரி பாய்ந்து பிடித்தாள். தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கடைத்தெருவுக்குப் பக்கத்திலிருந்த வேறோர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் குழந்தையைப் படுக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். அதற்குள் புருஷனும் நாத்தனாரும் வந்துசேர்ந்தார்கள். ஒரு நர்ஸ் குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் விழி விரித்தார்.

"இது… சாறு பாப்பாதானே?"

பிள்ளை அரை மயக்கத்தில் கிடக்கிறாள். அப்பா முகத்தில் அந்த நிலையிலும் ஒரு மலர்ச்சி. "ஆமா சிஸ்டர். அக்கா இவங்கதான்" என்று அறிமுகப்படுத்திவைத்தார். சாறம்மா கை கூப்பினார்.

பணியிலிருந்த டாக்டர் இளம்பெண். யாரையும் கண்டுகொள்ளாமல் குழந்தையின் கண்ணைப் பார்த்தார், கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார், பிறகு கேட்டார்: "என்னென்ன மருந்து குடுத்தீங்க?"

"தொண்டைக்கு ஒரு ஆன்டிபயாடிக். அதாலதான் இப்படி ஆயிடுச்சு" என்றார் சாறம்மா.

"பெனிசிலின் அலர்ஜி, எழுதிக்குங்க" என்றார் தம்பி.

டாக்டர் ஆன்டிபயாடிக்கின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "இதோட வேற என்ன மருந்து எடுத்துக்குறா? இந்த அறிகுறிகளுக்கு ஏதோ இருக்கணும். வலிப்பு மருந்து? தூக்க மாத்திரை ஏதாவது கைக்கு எட்டுச்சா?"

"எதுவும் இல்லங்க. எங்க வீட்ல அந்தப் பழக்கமே கிடையாது" என்றார் சாறம்மா. சொல்லும்போதே அவர் கை அம்மாக்காரியின் முழங்கைக்கு மேல் சதையைப் பிடித்து அழுத்தியது. அடுத்து என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, இங்க பாரு. நீ வீட்ல தினமும் என்ன மருந்து குடிப்பே?"

குழந்தை கண்ணைத் திறந்தாள். துடிக்கிற கண்மணிகள் அத்தையைத் தேடின. நாக்கு தடித்துப்போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டாள்:

"நான்… மருந்தே… தொடமாட்டேன். அத்தை சாறு… மட்டும்தான்."

சொல்லிவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல் தெரியச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அம்மாக்காரிக்குள் இத்தனை வருஷம் கட்டிவைத்திருந்தது எல்லாம் அறுந்துபோயிற்று. அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிவந்தன. நாத்தனாரின் கையை உதறினாள்.

"பொய் டாக்டர்! அவளுக்கு வலிப்பு இருக்கு. கார்பமசெபின் குடுக்குறோம், தினம் ரெண்டு வேளை. இன்னைக்குக் காலையிலகூட நான்தான் குடுத்தேன்."

"ஏய்!" என்றார் புருஷன்.

"நீங்க வாயை மூடுங்க" என்றாள். கடைக் குரல். அந்தக் குரலில் அவளை அவர் கேட்டதே இல்லை.

டாக்டர் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார், டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார், குழந்தையை வார்டுக்கு மாற்றினார். அப்புறம்தான் மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"பாத்திரம் கழுவுற தொட்டி இருக்குல்ல? குழாய்ல தண்ணி வரும், கீழ ஓட்டை வழியா போயிடும். வலிப்பு மருந்து உடம்புல அப்படித்தான் வந்து போயிட்டிருந்துச்சு. இந்த ஆன்டிபயாடிக் அந்த ஓட்டையை அடைச்சிடும். நீங்க குழாயை மட்டும் தினமும் ஒழுங்கா திறந்து விட்டிருக்கீங்க. தொட்டி நிரம்பி வழியுது. அதான் ரெண்டா தெரியுது, தள்ளாடுறா. இன்னும் கொஞ்சம் போயிருந்தா மூச்சுக்கே ஆபத்து." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ரெண்டும் நல்ல மருந்துதான். ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருந்தா இன்னொண்ணை எழுதியிருக்கவே மாட்டாங்க."

"அந்தப் பெனிசிலின் குடுத்தப்போ மூச்சு திணறல் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார் பிறகு.

"இல்ல. நாலு பொட்டு, வயித்துப்போக்கு. வீங்கல" என்றாள் அம்மாக்காரி.

"அப்போ அது அலர்ஜிதானான்னே சந்தேகமா இருக்கு. தேறட்டும், பார்ப்போம். இன்னொண்ணு. பயந்துபோய் வலிப்பு மருந்தை நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்து நிக்காமலே போகலாம். அளவை நாங்க பார்த்துக்குறோம்."

சாறம்மா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மதியத்துக்குள் குழந்தையின் கண் நிலைக்கு வந்தது. ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டாள். "இப்போ எத்தனை அம்மா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லடி தங்கம். தப்பா சொல்லிக்குடுத்தது நாங்க." அவள் குழந்தையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். "இனிமே அந்த வசனமெல்லாம் வேண்டாம். யார் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லு."

"அத்தை திட்டினா?"

"திட்டட்டும். நான் பார்த்துக்குறேன்."

அத்தை திட்ட வரவில்லை. அதைவிடப் பெரிய யோசனையோடு வந்தார். தம்பி கைப்பேசியைத் தயாராகப் பிடித்திருந்தார். சாறம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, குழந்தையின் கையில் குத்தியிருந்த ஊசி நன்றாகத் தெரியும்படி போர்வையை ஒதுக்கிவிட்டார்.

"எதுக்கு அண்ணி?"

"ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஆன்டிபயாடிக் ஒரு பச்சைப்பிள்ளையை எந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்குன்னு."

"அக்கா சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றார் தம்பி. "ஆன்டிபயாடிக்காலதானே? டாக்டரே சொன்னாங்களே."

மனுஷர் வெட்கப்படுவார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் அது அவர்கள் தப்பு. கீறல் விழுந்த பக்கம் மறுபடியும் சுவரைப் பார்க்கத் திரும்பியாகிவிட்டது.

அம்மாக்காரி எழுந்து கைப்பேசிக்கு முன்னால் நின்றாள். "போனை உள்ள வைங்க. இல்லேன்னா நான் பேசுறேன் அதுல. புட்டியில என்ன ஊத்தினோம்னு நானே சொல்றேன். சொல்லட்டுமா அண்ணி?"

"யார் வீட்ல இருந்துக்கிட்டு யார்கிட்ட பேசுறே?"

"உங்க வீட்டு மாடி உங்களுக்கே இருக்கட்டும். என் பிள்ளை மூஞ்சியை அந்தப் புட்டியிலேருந்து கிழிங்க, போதும்."

சாறம்மா எழுந்தார். முகம் சிவுசிவு என்று ஆகிவிட்டது. வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் விறுவிறுவென்று வெளியே போனார். தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார், அக்கா போன வழியைப் பார்த்தார், பழக்கமான வழியிலேயே போனார்.

அம்மாக்காரி கட்டிலில் உட்கார்ந்தாள். ஊசி குத்திய கைமேல் போர்வையை இழுத்துவிட்டாள். நெஞ்சுக்குள் ஒரு நிறைவு. கடைசியில் பேசிவிட்டாள், பிள்ளையைக் காப்பாற்றிவிட்டாள், நாத்தனாரை வாயடைக்க வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்ட நிம்மதியில் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டில்காரி அப்போதுதான் தயங்கித் தயங்கி வந்தாள். அவள் பையன் மூக்கில் குழாயோடு அசையாமல் படுத்திருந்தான். நேற்று இவர்கள் வந்தபோதும் அவன் அப்படியேதான் படுத்திருந்தான். அந்தப் பெண் தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும். சற்று முன் நடந்த சச்சரவில் அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அவள் கண் முழுக்கக் குழந்தை மேலேயே இருந்தது.

"சாறு பாப்பாதானே? நேத்தே பார்த்தேன். தூங்கிட்டிருந்தா, எழுப்ப மனசு வரல." குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறவள் மாதிரி இருந்தது அவள் பார்வை. "என் பையன் இவளைக் காட்டினாத்தான் சாறு குடிப்பான். இந்த அக்கா மாதிரி ஆகணும்னு குடிப்பான்."

அம்மாக்காரி கோதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "உங்க பையனுக்கு… என்ன?"

"வலிப்புங்க. சின்னதுலேர்ந்தே. மாத்திரை குடுத்துட்டுதான் இருந்தோம். மருந்தே தொடாம ஒரு பிள்ளை இவ்வளவு நல்லா இருக்கும்போது, நம்ம பிள்ளைக்கு எதுக்கு அந்த விஷம்னு நிறுத்திட்டேன். சாறு மட்டும் குடுத்தேன்." மகனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "முந்தாநாள் வந்த வலிப்பு நிக்கவே இல்ல. இன்னும் கண்ணு முழிக்கல. டாக்டர் எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. நான்தான் குடுக்குற முறையில ஏதோ தப்பு பண்ணியிருப்பேன். நீங்க எத்தனை மூடி குடுப்பீங்க?"

 எந்த வாயைத் திறந்துவிட்டோம் என்று இவ்வளவு நேரம் அம்மாக்காரி பெருமைப்பட்டாளோ அந்த வாய் வறண்டுபோய் ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் மூடிவைத்திருந்த வாய், புட்டியோடு புட்டியாக யார் யார் வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

குழந்தைக்கு அந்தச் சங்கடம் எதுவும் இல்லை. கேள்வி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாளே.

"சாறு இல்ல ஆன்ட்டி, அந்தப் புட்டியில மருந்துதான் இருக்கும்" என்றாள் பளிச்சென்று. "எனக்கும் வலிப்பு வரும். ஆனா அம்மா தினமும் ரெண்டு வேளையும் மருந்து குடுத்துடுவாங்க. ஒரு நாள்கூட மறக்கமாட்டாங்க."

 அந்தப் பெண் குழந்தையிடமிருந்து கண்ணை மெல்ல எடுத்து அம்மாவைப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று அம்மாக்காரி காத்திருந்தாள். அவள் கத்தவில்லை.

"உங்க பிள்ளைக்கு மட்டும் குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.